கங்காவுக்கு வைத்த மூன்று பெட்டிகள்

கொச்சியில் கொச்சங்காடிப் பண்டகசாலையில் மிளகு புடைக்கும் பெண்களுக்கெல்லாம் கங்காதான் முன்னால் நிற்பவள். முறத்தை அவள் நாலு தட்டுத் தட்டினால் நல்ல மிளகு ஒரு பக்கமும் பொக்கு மறுபக்கமும் ஒதுங்கிவிடும். 1967 மழைக்காலத்தில் அவள் முறத்தோடு சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து சாயா கேட்டாள். மறுவாரமும் விழுந்தாள்.

பசி மயக்கம் என்றார்கள் சிலர். பகவதி கோபம் என்றார்கள் சிலர். எர்ணாகுளத்து டாக்டர் நாடி பிடித்து, இ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்துல மேலேயிருந்து கீழே போற மின்சாரம் வழியிலேயே நின்னுபோவுது" என்றார். நகராட்சியில் குழாய் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஒச்சப்பன், அவளை மதராஸுக்கு ரயிலேற்றினான்.

அங்கே போய்ச் சேர்ந்த அன்றே துடிப்பு நின்றது. சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றைத் தள்ளிவந்து, சுவரில் சொருகி, மார்பில் தகடுகளைப் பதித்தார்கள். பெட்டி மின்சாரத்தால் இதயத்தைத் தட்டித் துடிக்கவைத்தது. ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது, தோல் எரிந்தது. ஆனால் உயிர் தங்கியது. சுவர் ஓரமாக நின்ற ஒச்சப்பன், "இந்தப் பிளக்குல யாரும் கை வைக்காதீங்க" என்று வருவோர் போவோரையெல்லாம் விரட்டினான்.

பிறகு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை விட்டு, கழுத்தில் தொங்கும் சின்ன பாட்டரிப் பெட்டியோடு இணைத்தார்கள். எரிச்சல் போனது, வராந்தாவில் நடக்கவும் முடிந்தது. ஆனால் கம்பி நுழைந்த இடம் சீழ் பிடிக்கக்கூடும் என்பதால் அதோடு வீட்டுக்குப் போக முடியாது.

"பெட்டியையே தோலுக்கடியில் வச்சிடலாம்மா" என்றார் டாக்டர். "ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு எப்பவும் ஒரே வேகத்துல தட்டும். புதுசா வந்தது, இதயம் தவறினா மட்டும் தட்டும். எங்ககிட்ட இருக்கிறது முதல் தினுசுதான்."

"ஓடினாலும் அதே வேகந்தானா?"

"அதேதான். மாடி ஏறினா மூச்சு வாங்கும்."

ஒச்சப்பன் மிரண்டான். "உடம்புக்குள்ள பாட்டரியா? வேண்டாம் கங்கா. பள்ளுருத்தி வீட்டுக்குப் போயி உள்ளதுபோலக் கழியலாம்."

"கட்டில்ல கிடந்து கழியணுமா? எனக்குப் பணிக்குப் போகணும். வையுங்க டாக்டர்" என்றாள் கங்கா.

திரும்பி வந்தவளைப் பண்டகசாலைப் பெண்கள் தள்ளி நின்றே பார்த்தார்கள். "கங்கா சேச்சி, தொட்டா ஷாக்கடிக்குமோ?" என்று கேட்டாள் ஓமனா. கங்கா அவள் கையை இழுத்து, விலாவுக்குக் கீழே புடைத்திருந்த இடத்தில் வைத்தாள்.

"அடிச்சதா?"

"இல்ல."

"பின்னே எந்தா பேடி? பயப்படாம முறத்தை எடு."

மூட்டை தூக்குவதை விட்டுவிட்டாள், புடைப்பதை விடவில்லை. சாயாக்கடையில் ஒச்சப்பன், "கொச்சியில இப்படியொரு நெஞ்சு வேற யாருக்கு உண்டு?" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

டாக்டர் சொல்லித்தந்தபடி தினமும் காலையில் அவளே நாடி பார்ப்பாள். 1969 கடைசியில் அது மெதுவாவது தெரிந்தது. பாட்டரி தீர்கிறது என்று புரிந்துகொண்டு, விழுவதற்கு முன்பே மதராஸுக்குப் புறப்பட்டாள். இந்த முறை அங்கே, இதயம் தவறினால் மட்டும் தட்டும் புதுத் தினுசும் வந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் அதே சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கங்கா அவளருகே உட்கார்ந்து, தன் தழும்பைக் காட்டினாள். "நான் ரெண்டு வருஷம் இதை வச்சு உழைச்சிருக்கேன். நீயும் உழைப்பே" என்றாள். அறுவைக்கு அழைத்தபோது சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு, தலை நிமிர்ந்து நடந்தே போனாள்.