சவுரியம்மாளும் தூங்குகிற ஸ்கேனரும்

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷம் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள் சவுரியம்மாள். மணிக்கட்டு வீங்கி, தையல் மெஷினில் உட்கார முடியாமல் போனதும், பிளஸ் டூ படித்தவள் என்று ஆபீசுக்கு மாற்றினார்கள். ஏற்றுமதி பில்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை என்று புருஷன் ஜெயசீலன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

அவளுக்குத்தான் பேஜாராக இருந்தது. தையல் மெஷின் என்றால் மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இந்த ஸ்கேனரோ, அவள் பில்களிலிருந்து பின்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பச்சை விளக்கை ஆரஞ்சாக மாற்றிவிடும். பதறிப்போய் பட்டனை அழுத்துவாள். அது சுத்தமாக அணைந்துவிடும். ஸ்கேனரைக் காணோம் என்று ஸ்கிரீனில் வரும். கண்ணெதிரே இருக்கிறதே என்று ஒருமுறை அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். தான் மெதுவாக இருப்பதால்தான் மெஷின் நின்றுவிடுகிறது என்று நினைத்து அவசர அவசரமாகப் பின்னைப் பிடுங்கினாள். பில்கள்தான் கிழிந்தன.

கடைசியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காஷிஃபிடம் சொன்னாள். அங்கே போட்டிருந்தது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யாரும் காசில்லாமல் எடுத்துப் போட்டு, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அதில், சும்மா இருந்தால் எத்தனை நிமிஷத்தில் மெஷின் அணைய வேண்டும் என்று கேட்ட கட்டத்தில் காஷிஃப் பூஜ்ஜியத்தைப் போட்டான்.

“சைபர் போட்டா உடனே அணைஞ்சிடாதா தம்பி?”

“இல்லக்கா. சைபர்னா எப்பவுமே அணையாது.”

புரிந்ததுபோலத் தலையாட்டினாள். மத்தியானமே விளக்கு ஆரஞ்சானது. பட்டனை அழுத்தினாள், அணைந்தது. தான் பயந்தது சரிதானே என்று தோன்றியது. ஆனால் அவன் போட்டதை மாற்றத் துணிவு வரவில்லை.

ஆடிட்டர் வருகிற நாளில் காஷிஃப் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். மேனேஜர் பில்களைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். மறுபடியும் ஆரஞ்சு விளக்கு. இந்தத் தடவை பட்டனுக்குப் போன கையை இழுத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தாள். விளக்கு இன்னா கலர் என்று கேட்டான். சொன்னாள்.

“அது தூங்குதுக்கா, அணையல. தூங்கறதுக்கு வேற கட்டம், அத நான் மாத்தல. பட்டனத் தொடாதீங்க. பேப்பர வைங்க, தானா முழிச்சிக்கும்.”

வைத்தாள். பச்சை வந்தது. பில் உள்ளே ஓடியது.

“அப்ப இத்தன நாளா அத அணைச்சது நான்தானா தம்பி?”

“ஆமாக்கா,” என்றான். சிரிக்கவில்லை.

ஆடிட்டருக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னார். அவள் மனசு அதில் ஒட்டவில்லை. தூங்குவது வேறு, அணைவது வேறு என்பது பிடிபட்டது. பூஜ்ஜியம் போட்டால் எப்படி எப்பவுமே அணையாமல் இருக்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

சாயந்திரம் கிளம்பும்போது மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது. பட்டனைத் தொடாதே என்றது வேலை நேரத்துக்கு மட்டுமா, வீட்டுக்குப் போகும்போதுமா? யோசித்துப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். இதுவும் தப்போ என்று தோன்ற, பையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.