குளிரறைக்குப் பூட்டிய வெப்பக் கருவி

கணினிக்குச் சாமான் பொருத்திப் பூட்டும் தொழிலில், சாமானோடு படும் பாட்டைவிட அதைப் பூட்டச் சொன்னவர்களோடு படும் பாடுதான் பெரிது. என்னைப்போல் வயரும் கையுமாக அலைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மீன் குளிரறைக்கு நான் வெப்பக் கருவி பூட்டினேன். விரல் அளவுச் சாமான். யூ.எஸ்.பி. முனையைக் கணினியில் செருகினால், தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தைத் திரையில் காட்டும். குளிர் போதுமென்றால் திரை பச்சை. குறைந்தால் சிவப்பாகி, கணினி கூச்சலும் போடும்.

பெரிய கணினி

நான் போகுமுன்பே குளிரறை மனேஜர் பொறுமையில்லாமல் கருவியைத் தன் மேசைக் கணினியின் பின்பக்கத்தில் செருகிவிட்டார். திரை சிவப்பு. குளிரறை கெட்டுவிட்டதென்று, குளிர் இயந்திரம் பார்க்கிறவரைக் கூப்பிட்டு ஏசிக்கொண்டிருந்தார். கருவி காட்டியதோ அலுவலக வெக்கையையும் கணினி விடும் சூட்டையும். குளிரறை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நீள வயர் போட்டு உள்ளே தொங்கவிட வேண்டும் என்றேன். மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க கொண்டுபோய்த் தொங்கவிடுறதெண்டா, இவ்வளவு பெரிய கணினி என்னத்துக்குத் தம்பி?"

கூச்சல்

சுவரில் துளை போட்டு, மீன் தட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டேன். அதோடு என் நிம்மதி போனது. படகுகள் வரும் நேரம் பெட்டி சுமப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூட மாட்டார்கள். ஒரு மீன்பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போய் வந்துகொண்டிருப்பார்கள். அங்கே எப்போதும் அப்படித்தானாம். திரை சிவக்கும், கணினி கத்தும், மனேஜர் எனக்குப் போன் எடுப்பார். கதவை மூடச் சொல்லுங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது.

"கதவை மூடச் சொன்னா பெடியள் வேலைக்கு வரமாட்டாங்கள். நீர் உம்மட சாமானைச் சத்தம் போடாமப் பண்ணும்."

பச்சை

ஏலாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் போன் வரவே இல்லை. திருந்திவிட்டார்கள் என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். பிரிண்டர் பார்க்க அங்கே போன நாள், குளிரறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது, திரையோ பச்சை. உள்ளே போய்த் தேடினேன். கருவியைப் பொலித்தீன் பையில் கட்டி, மூலையில் கிடந்த ஐஸ் குவியலுக்குள் புதைத்திருந்தார்கள். எடுத்துப் பழைய இடத்தில் தொங்கவிட்டேன். மனேஜர் என் கண் முன்னாலேயே திரும்பப் புதைத்தார்.

அந்த நேரம் கிண்ணியா ஊர்ச் சுபைர் நானா தன் படகின் சூரை மீனை அங்கே இறக்கிக்கொண்டிருந்தார். படகின் இயந்திரம் உடைந்து வெகுநாள் கரையில் கிடந்தவர். திருத்திப் போய்ப் பிடித்த முதல் மீன் அது. மறுநாள் கொழும்பு லொறிக்குக் கொடுக்க வேண்டும். அவரைத் தனியே கூப்பிட்டு, இங்கே வைக்காதீர்கள் என்று நடந்ததைச் சொன்னேன். அவர் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பச்சை காட்டுதே தம்பி. பூட்டின நீங்களே அதை நம்பாட்டி, நாங்க எதை நம்புறது?"

லொறி வந்த நாள்

முந்தின நாள் பகல் முழுக்கத் திறந்து கிடந்த கதவால் குளிர் இயந்திரம் திணறி, இரவே நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, திரைதான் பச்சையாயிற்றே. லொறிக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மீனையும் ஏற்றாமல் போனார். சுபைர் நானா கெட்டுப்போன தன் மீனைப் புதைக்கக் கரையில் தானே குழி வெட்டினார். என்னைக் கண்டும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மனேஜர்தான் பேசினார், அத்தனை பேருக்கும் முன்னால்.

"உம்மட சாமான் பழுது. நாளைக்கு வந்து புதுசு ஒண்டு பூட்டும்."

மீன் நாறிய பிறகும் அந்தக் கருவி, தன்னைப் புதைத்த ஐஸின் குளிரைத் துளியும் பிசகாமல் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிடத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.