ஈரம் குடிக்கிற மிஷின்

என் கொழுந்தன் பூலோகம் குதிரைச் சேணங்களுக்குக் காவல் இருக்கிறான் என்று சொன்னால் தாராவியில் எங்கள் லேபர் கேம்ப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேவ்நார் தாண்டி ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் காலையில் காரில் வந்து குதிரை ஏறிப் பழகுகிற இடம். லாயத்தை ஒட்டி அங்கே ஓர் அறை உண்டு. சேணம், கடிவாளம், வயிற்று வார், முதுகில் விரிக்கிற கம்பளம் எல்லாம் அதற்குள்தான். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். குதிரை மேல் ஏறுகிற தோலுக்குப் பொறுப்பு பூலோகம். தாராவியில் கரீம் பாட்சா பாய் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தவன், அறுந்த வார் ஒன்றைத் தைத்துக் கொடுக்க அங்கே போனான். போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான்.

பம்பாய் மழையில் தோலைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் சொல்லவில்லை, அவன் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. வியர்வையில் நனைந்த சேணத்தை அப்படியே கொண்டுபோய் மாட்டக் கூடாது. துடைத்து, கவிழ்த்து வைத்து, ஃபேன் காற்றில் காய்ந்த பிறகுதான் உள்ளே போகலாம். எதுவும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். எண்ணெயை அள்ளிப் பூசினால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி. அப்படியும் வெள்ளையாகப் பூத்துவிட்டால் வறட்டுப் பிரஷ்ஷால் தட்டக் கூடாது. தூள் பறந்து பக்கத்துச் சேணத்திலும் உட்காரும், தட்டுகிறவன் நெஞ்சிலும் உட்காரும். வெளியே எடுத்துப் போய், வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் இதே பேச்சுத்தான்.

"ஏ பூலோகம், ஒன் வாய்ல சேணத்தத் தவுர வேற ஒண்ணும் வராதா? ரசம் ஆறுது, தின்னு," என்பேன்.

"மதினி, தோலு நம்மள மாதிரி. அதுக்கும் காத்து வேணும்," என்பான்.

இவ்வளவு தெரிந்தவனின் பொண்டாட்டிக்குத்தான் மூச்சு இழுப்பு. என்ன சொல்ல?

சொர்ணம்மாள் அவள் பெயர். அவர்கள் ரூமுக்கும் எங்கள் ரூமுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோது பின்பக்க ரூம் தம்பிக்கு வந்தது. வாசலை ஒட்டிப் போகிற குறுகலான கல்லியைவிடத் தாழ்ந்த தரை. பின்னால் சாக்கடை. சூன் மாதம் பிறந்ததும் அந்தப் பின்சுவர் கண்ணீர் விட ஆரம்பித்துவிடும். முதலில் அடியில் ஈரம், அப்புறம் இடுப்பு உயரத்துக்கு, அப்புறம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. சுண்ணாம்பு அடித்தாலும் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு மேலே வந்து எட்டிப் பார்க்கும். மழைக்காலம் முழுக்கச் சொர்ணம் படுக்க மாட்டாள். படுத்தால் மூச்சு முட்டும். டிரங்குப் பெட்டியில் முதுகைச் சாய்த்து, கையில் மூச்சுக்கு இழுக்கிற பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவாள். அவள் நெஞ்சிலிருந்து வரும் அந்த இழுப்புச் சத்தம் சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் எனக்கு மழைக்காலமே கிடையாது என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். "சுவர்ல பூஞ்சணம் இருக்கா? அதுதான் ஒத்துக்கலை. வீட்டை மாத்துங்க," என்று இந்தியில் சொன்னாள். சேலையை மாத்துங்க என்பது போலச் சொல்லிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனாலும் எனக்கு எரிந்தது.

பூலோகம் வீட்டை மாற்றவில்லை. அவனால் முடிந்ததைச் செய்தான். சேண அறைச் சட்டதிட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தான். பீரோவைச் சுவரைவிட்டு நகர்த்தி நிறுத்தினான். கால் நீட்டவே இடமில்லாத ரூமில் பீரோ நட்டநடுவில் வந்து நின்றது. மேலே ஒழுகாமல் இருக்கக் கட்டியிருந்த நீல பிளாஸ்டிக்கைக் கிழித்து எறிந்தான், கிழித்த இடத்தில் ஒழுகியது. லீவு நாளில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வினிகர்த் தண்ணீரால் சுவரைத் துடைத்தான். ரூம் முழுக்க ஊறுகாய் வாடை.

"அடுத்தது ஒன்னையும் கவுத்து வச்சு ஃபேன் போடுவான் பாரு," என்று சொர்ணத்திடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். சிரித்ததற்கே இருமினாள்.

சேணம் சோறு பொங்காது. குளிக்காது. துணி துவைத்து ரூமுக்குள் கொடி கட்டிக் காயப்போடாது. அதனால்தான் அதைக் காப்பாற்ற முடிகிறது. மனுசர் இருக்கிற ரூமில் காலையில் எழுந்து உலை வைத்தாலே ஆவி போய்ச் சுவரில் ஒட்டிவிடும். அவன் துடைத்த சுவர் பத்து நாளில் மறுபடி கறுத்தது.

போன வருஷம் மழையில் அந்தப் பள்ளியில் ஒரு பெண் குதிரை இருமியது. பிஜ்லி என்று பெயர். குதிரை டாக்டர் வந்து குதிரையைப் பார்த்தார், சேண அறைக்குள் போய் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். முதுகுக் கம்பளத்தில் பூஞ்சணத் தூள் இருக்கிறது, இந்த அறையின் ஈரத்தை எடுக்காவிட்டால் குதிரைக்கு இருமல் நிற்காது என்றார். அந்த வாரமே மிஷின் வந்துவிட்டது. கதவை அடைத்து அதை ஓட்டினால் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து, அடியில் உள்ள தொட்டியில் தண்ணீராகக் கக்கும். பூலோகம் வீட்டுக்கு வந்து கையை ஆட்டி ஆட்டி இதைச் சொன்னான். குதிரைக்கு இருமல் நின்றுவிட்டது, சேணம் மொடமொடவென்று இருக்கிறது என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். சொர்ணம் அப்போது பம்ப்பை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? "குதுர இருமுனா மிஷினு வருது. பொம்பள இருமுனா வீட்ட மாத்துன்னுதானுவ. நல்லா இருக்குல நியாயம்," என்றேன். பூலோகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தான். ஜாதவ் சாப் என்பவர்தான் அங்கே எல்லாம். மழைக்கு இரண்டு நாள் கொடுத்தால் போதும், திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறான். அது பள்ளிக் கமிட்டிச் சாமான், வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பிவந்தான். விலையை எங்களிடம் சொல்லவே இல்லை.

இந்த வருஷம் சூலை மழை ஒரு பேய் மழை. சொர்ணத்துக்கு உதடு நீலம் பாரித்து, நானும் என் வீட்டுக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கி கல்லி முனைக்குக் கொண்டுபோய் டாக்ஸி பிடித்தோம். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்தாள். அனுப்பும்போது அந்தச் சின்ன டாக்டர் பூலோகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தடவை இவ்வளவு நேரம் தாங்காது என்று சொல்லியிருக்கிறாள். வெளியே வந்து அதை என்னிடம் சொன்னான். திரும்ப எங்கே கூட்டிப்போகிறோம்? அதே ரூமுக்குத்தான்.

அவள் வீடு திரும்பிய மறுநாளே ரெட் அலர்ட் போட்டு ஊரையே மூடினார்கள். சவாரிப் பள்ளியும் மூடிவிட்டது. பூலோகம் மட்டும் மழையில் நனைந்துகொண்டு போனான். மத்தியானம் புல் கட்டு இறக்கிவிட்டுத் திரும்புகிற டெம்போவில், சாக்குப் போட்டு மூடி, அந்த மிஷினைக் கொண்டுவந்து இறக்கினான். யாரையும் கேட்கவில்லை.

"எலே, கேட்டியா கேக்கலியா?" என்றேன்.

"கேட்டா தருவாங்களா மதினி?" என்றான். நான் ஒரு பக்கம் பிடித்து உள்ளே தள்ளினேன்.

கதவை அடைத்தால்தான் மிஷின் வேலை செய்யும். எங்கள் கல்லியில் பகலில் யாரும் கதவு அடைப்பதில்லை. அடைத்தால் சண்டை, இல்லாவிட்டால் சாவு. ஆளாளுக்கு வந்து தட்டினார்கள். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அவளுக்கு அம்மை போட்டிருக்கு, போங்க," என்று விரட்டினேன். பூலோகத்துக்கும் சொர்ணத்துக்கும் சேர்த்து என் அடுப்பில் பொங்கினேன். துணியை என் ரூமில் காயப்போட்டேன். குளிக்கவும் என் ரூம் மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரிக்குச் சொர்ணம் வந்தாள். சேணத்தை வைத்திருப்பது போல அந்த ரூமை வைத்திருந்தோம்.

மறுநாள் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை. மிஷின் உறுமுவது மட்டும் கேட்டது. போய்க் கதவை இடித்தேன். "சொர்ணம், ஏட்டி சொர்ணம்," என்று கத்தினேன். பூலோகம் வேலைக்குப் போயிருந்தான். செத்துப்போய்விட்டாள், அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன் என்றுதான் நினைத்தேன்.

கதவு திறந்தது. கன்னத்தில் பாய்க்கோடு பதிந்த முகத்தோடு நின்றாள்.

"என்னக்கா? மல்லாந்து படுத்துத் தூங்கிட்டேன்," என்றாள்.

மல்லாந்து படுத்து. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மழைக்காலத்தில் அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் மிஷின் தொட்டியை உருவிக் காட்டினாள். தளும்பத் தளும்பத் தண்ணீர். "இது பூராவும் எனக்குள்ளதான போயிருக்கும்," என்று சொல்லி மோரியில் கொட்டினாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அலர்ட் முடிந்து பள்ளி திறந்தபோது சேண அறை பூத்துக் கிடந்திருக்கிறது. பூலோகம் தினமும் போய்த் துடைத்தும் நிற்கவில்லை. கடிவாளத்திலிருந்து கம்பளம் வரைக்கும் வெள்ளை. பிஜ்லி தீனி எடுக்காமல் இருமிக்கொண்டு நின்றது. அந்தக் குதிரை மேல் அவனுக்கு உசிர். அது இருமுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் ஜாதவ் சாப் வந்து மிஷின் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவன் பொய் சொல்லவில்லை. எங்க வீட்டுல இருக்கு என்று சொல்லிவிட்டான்.

வேனை கல்லி முனையில் நிறுத்திவிட்டு அவரே நடந்து வந்தார். முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டியிருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், நடுவில் நின்ற பீரோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சொர்ணத்தைப் பார்த்தார். அப்புறம் இந்தியில் சொன்னார்: கமிட்டிக்கு இன்னும் தெரியாது, நான் சொல்லப் போவதும் இல்லை. பூலோகத்துக்கு வேலை போகாது. ஆனால் மிஷின் இன்றைக்கே அங்கே இருக்க வேண்டும், குதிரை முடியாமல் கிடக்கிறது.

நல்ல மனுசர்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்.

"சாப், இவளும்தான முடியாமக் கெடக்கா," என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "குதிரைக்கு டாக்டர் சொன்னா கேக்கீங்க. இவளுக்கும் டாக்டர்தான் சொன்னாங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என் கையில் இல்லை, அக்கா," என்றார்.

"விடுங்கக்கா," என்றாள் சொர்ணம். எழுந்து போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி மிஷின் மேல் வைத்தாள். பூலோகம் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மழையில் கல்லி முனை வரைக்கும் போனான். அவனே வேனில் ஏற்றினான், அவனே கூடப் போய் சேண அறையில் இறக்கி ஓடவிட்டான்.

இரண்டாம் நாள் சுவர் மறுபடி வேர்த்தது. சொர்ணம் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பினாள். சத்தம் முன்னைவிட அதிகமாகக் கேட்டது. பூலோகம் வேலை முடிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியாவது ஒரு வழி பண்ணுகிறேன், ஜாதவ் சாப் காலில் விழுந்தாவது வாரத்தில் ஒரு நாள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன்.

"வேண்டாம். இனிமே அதக் கொண்டு வராதீய," என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இத்தன வருசம் மூச்சுன்னா எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும், எனக்குக் கொஞ்சம் சாஸ்தின்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்துட்டேன். இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல. தெரிஞ்சுக்கிட்டு மறுபடி இதுக்குள்ள எப்பிடி இருக்கது?"

விடிந்தால் பூலோகம் வேலைக்குப் போக வேண்டும். அங்கே அந்த மிஷினின் தொட்டி நிறைந்திருக்கும், அதைக் கொட்டுவது அவன் வேலை.