இரவல் கதிரையில் உட்கார்ந்த உத்தியோகத்தர்

அப்பா கண்டி ரயிலடியில் மூட்டை தூக்கியவர். நாட்கூலிக்காரருக்கு ஏது பென்சன்? அவர் கண்ணை மூடியதும் எங்கள் அடுப்பும் அணைந்துபோனது. ஏழை விதவைகளுக்கு மாதாமாதம் உதவிப்பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா அரசாங்கக் கச்சேரிக்கு மனுப்போட்டாள். வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் ஒருவர் வருவார் என்றார்கள்.

அவர் பார்க்க வருவது எங்கள் வறுமையை. அது எங்கள் சந்துக்குப் புரிந்தால்தானே! பெரிய மனுஷரை எப்படித் தரையில் உட்காரவைப்பது என்று எல்லோரும் பதறினார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா பூப்போட்ட கோப்பைகளும் தித்திப்பான வட்டிலாப்பமும் கொண்டுவந்தார். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா, பென்சன் வாங்கும் பழைய கிளாக்கர், தன் சாய்மனைக் கதிரையையே தூக்கிவந்தார். மத்தியானத்தில் அதில் தூங்குவதுதான் அப்போது அவருக்கிருந்த ஒரே உத்தியோகம்.

உத்தியோகத்தர் வந்தார், சாய்ந்தார், வட்டிலாப்பத்தை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"வசதியாத்தானே இருக்கீங்க அம்மா?"

அம்மா தலை குனிந்துகொண்டாள். எல்லாம் இரவல் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது. திறப்பதற்குள் என் கையில் நறுக்கென்று அம்மாவின் கிள்ளு. மானம் போய்விடுமாம். அரிசிப்பானை காலியாகக் கிடக்கையில் என்ன பொல்லாத மானம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பேனையை மூடினார். இனிச் சோற்றுக்கு என்ன செய்வோம் என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது வாசலில் எதிர்வீட்டு ஐயா வந்து நின்றார், கக்கத்தில் தலையணையோடு.

"குறை நினையாதேங்கோ. அலுவல் முடிஞ்சால் கதிரையைக் கொண்டு போகட்டோ? எனக்கு நித்திரை வருது."

"இது உங்கட கதிரையா?" என்றார் உத்தியோகத்தர்.

"ஓம். இவையிட்ட ஏது கதிரை? பாய்தான் இருக்கு."

கதிரை போனது. பின்னாலேயே ராத்தா வந்து கோப்பைகளை எடுத்துப் போனார். வீட்டில் மிஞ்சியது ஒரு பாய், இரண்டு சட்டி, சுவரில் மாதா படம். உத்தியோகத்தர் கால்சட்டையை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்து, பேனையை மறுபடி திறந்தார்.

உதவிப்பணம் வந்தது. அடுப்பு எரிந்தது. அம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து வாங்கிய முதல் பொருள் என்ன தெரியுமா? ஒரு கதிரை.

அடுத்த வருஷம் அவர் மறுபடி பார்க்க வருகிறார் என்றதும், அதை ஐயா வீட்டில் ஒளித்துவைப்போம் என்று நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"வந்த மனுசன ரெண்டாந்தடவையும் தரையில உக்கார வைக்கிறதா? போடி," என்று அம்மா அதைத் துடைத்து நடுவீட்டில் போட்டாள்.

அவர் வந்தார். கதிரையைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்காமலே பாயில் போய் உட்கார்ந்து, பேனையைத் திறந்தார்.