ஆட்டுக்குட்டியின் கழுத்துக் கயிறு

காருக்கு ஷெட் போட மகன் டேப்பை நீட்டி, "ம்மா, அந்த முனையப் புடி" என்றான். பிடித்ததும் எனக்கு முகம் சுட்டது.

எழுபதுகளின் கடைசியில், ஓடாத ஜீப் ஒன்றைப் போளூரில் வாங்கினார் அப்பா. ரிப்பேர் பார்த்து எங்கள் மலையில் ஓட்டுவதாக எண்ணம். அதை நிறுத்தக் கொட்டகை போட, ஜீப்பின் அகலத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி வந்து ஆணியில் மாட்டினார். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதில் ஒரு முழம் அறுத்து என் ஆட்டுக்குட்டிக்குக் கட்டிவிட்டேன். அது தெரியாமல் மிச்சக் கயிற்றை வைத்து அளந்துதான் அப்பா கொட்டகைக்கு வாசல்கால் நட்டு மண்சுவர் எழுப்பினார்.

லாரியில் வந்திறங்கிய ஜீப்பை ஊரே தள்ளி வந்தது. ஈரமண் வாசலில் அது இடித்து நின்றது.

"இன்னா மாமா, மடக்கு ஜீப்பா பாத்து வாங்கிருக்கலாமே!" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு குட்டியின் கழுத்தைப் பார்த்தார்.

"நாந்தான்டா தப்பா அளந்துட்டேன்" என்றபடி கடப்பாரையை எடுத்தவர், என்னிடம் மெதுவாக, "குட்டிய வூட்டுக்குள்ள கட்டு, பாப்பா" என்றார்.

சாகும்வரை ஊரில் அவருக்கு 'மடக்கு ஜீப்பு' என்றுதான் பேர். நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

"எவ்ளோம்மா?" என்றான் மகன்.

"இன்னொரு வாட்டி அளடா" என்றேன்.