உரம் போடாத மூன்றாம் பாத்தி

1998 ஆகஸ்டு, வியாழக்கிழமை. காலை 6.40-க்கு ஜோகுபாளையத்திலிருந்து நடந்து வந்து, பழைய மெட்ராஸ் சாலையில் ஹொசகோட்டை பேருந்தைப் பிடித்தேன். இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் ஏழு ரூபாய். ஆறு மாதக் குழந்தை மாமியாரிடம். புட்டியை வெந்நீரில் கழுவச் சொன்னேனா என்று கே.ஆர்.புரம் வரை யோசித்தேன்.

பையில் எண் எழுதிய மூங்கில் முளைகள். நடத்துநர் பார்த்துவிட்டார்.

"சைட் அளக்கப் போறீங்களா மேடம்? எனக்கும் ஒரு தர்ட்டி-ஃபார்ட்டி மனை பாத்துச் சொல்லுங்க."

"இல்லீங்க, ராகிக்கு."

"ராகிக்கே சைட் கெடைக்குது, எனக்குக் கெடைக்கல!"

8.15-க்கு ஹொசகோட்டை. அங்கிருந்து ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ரத்னம்மாவின் நிலத்தில் எங்கள் மண் ஆய்வுக்கூடம் நான்கு பாத்திகளில் ராகி போட்டிருக்கிறது. மூன்றாம் பாத்திக்கு உரமே கிடையாது. மற்ற மூன்றுக்கும் வெவ்வேறு அளவு. மண் தானாக எவ்வளவு விளைவிக்கிறது என்று தெரிந்தால்தான், எவ்வளவு உரம் வாங்கினால் போதும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல முடியும். இது ஆய்வின் கடைசிப் போகம்.

மூன்றாம் பாத்தி வெளிறியிருக்க வேண்டும். மற்றவற்றைவிடப் பச்சையாக இருந்தது. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உரத்தைப் பாத்தி மாற்றிப் போட்டுவிட்டேனா? விதைத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல். நான் சரியாகத் தூங்கவில்லை. முழுப் போகமும் என்னால்தான் வீணாயிற்றா?

ரத்னம்மா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்; தமிழில் கன்னடம் கலந்துவிடும். கேட்டதும், வரப்போரம் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. அதுக்கு ஸொல்ப, கொஞ்சந்தான், சாணி எரு போட்டேன்."

"போடக் கூடாதுன்னு சொன்னேனே அக்கா!"

"சொன்னே. மத்த மூணும் தின்னுட்டு நிக்குது, இது மட்டும் மஞ்சளாப் பாத்துக்கிட்டு நிக்குது. ரோட்ல போறவங்க என்னைத்தான் கேக்கறாங்க, 'ஏன் ரத்னம்மா, இது உன் சக்களத்தி பெத்த பாத்தியா?'ன்னு."

சிரித்துவிட்டேன். உடனே பயமாகிவிட்டது.

"எத்தனை கூடை?"

"ரெண்டு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சு இருக்கும். எண்ணியா போடுவாங்க?"

நோட்டைத் திறந்தேன். எழுதினால் இந்த நிலத்தை ஆய்விலிருந்தே தள்ளிவிடுவார்கள். எழுதாவிட்டால், உரமில்லாமலே இவ்வளவு விளையும் என்று ஊருக்குப் பொய் சொன்னதாகும். அதை நம்பி யாராவது உரத்தைக் குறைப்பார்கள். எது சரி என்று தெரிந்தும் கை ஓடவில்லை. 'எரு இடப்பட்டுள்ளது, சுமார் ஐந்து கூடை' என்று எழுதி முடிக்க வெகுநேரமாயிற்று.

11.20. ரத்னம்மா சாலைவரை வந்தார்.

"அப்ப என் நெலம் ஃபெயிலா?"

"கணக்குல சேத்துக்க மாட்டாங்க அக்கா."

"போகட்டும் விடு. பயிர் நல்லா இருக்கில்ல?"

நன்றாகத்தான் இருந்தது. எழுதியதில் தவறில்லை, அலுவலகத்திலும் அப்படியே சொல்வேன். ஆனால், ஒரு பாத்திப் பயிர் வெளிறி நிற்க வேண்டும் என்ற ஆசையோடுதான் காலையில் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலைக்காக அப்படி ஆசைப்படலாமா, கூடாதா? திரும்பும் பேருந்து நகரத்துக்குள் நுழைந்த பிறகும் எனக்குப் பிடிபடவில்லை.