வெள்ளிக்கிழமை இல்லாத வீடு

கடந்த பெரிய வெள்ளியன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் சனிக்கிழமை.

குழம்ப வேண்டாம், விளக்குகிறேன். விளக்கி முடித்ததும் என் மீது உங்களுக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் குறையும்... பரவாயில்லை.

என் அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு விவேக் நகரில் என்னோடு இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஒருசந்தி. அதாவது நாள் முழுக்க ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பிற்பகல் மூன்று மணி ஜெபம் முடிந்த பிறகு. பூமிக்கடியில் பாறை உடைத்த காலத்திலும் வெள்ளிக்கிழமைகளில் டிபன் கேரியர் இல்லாமல்தான் இறங்குவார். ‘இன்னாய்யா, வீட்ல சண்டையா?’ என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்களாம். சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுப்பாராம்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. சுகர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். வழக்கம்போல் சாப்பிடவில்லை. பதினோரு மணிக்கு பாத்ரூமில் ஏதோ விழுந்த சத்தம்... ஓடிப் பார்த்தால் அப்பா. உடம்பெல்லாம் வியர்வை. என்னை யாரென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா தமிழும் கன்னடமும் கலந்து கெஞ்சினார். “அங்கிள், டெய்லி ஊட்ட மாடி, சாப்பிட்டே ஆகணும். இன்னொரு தடவை சுகர் இப்படி இறங்கினா, என்னால உங்களைத் திருப்பித் தர முடியாது.”

அப்பா தலையாட்டினார். அடுத்த வெள்ளி, சாப்பிடவில்லை.

பங்குச் சாமியாரையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்: “தாத்தா, அறுபது வயசுக்கு மேல ஒருசந்தி கடமை இல்ல. திருச்சபையே உங்களை விட்டுடுச்சு.”

“திருச்சபை வுட்டுட்டுது சாமி. நான் வுடலையே.”

சாமியார் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வேறென்ன செய்வார்?

இதற்கிடையில் அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் பெயர்கள், அப்புறம் தேதிகள். இன்று என்ன கிழமை என்று அவருக்கே நிச்சயமில்லாததால், சுவரில் தொங்கும் நாள் காலண்டரை நம்ப ஆரம்பித்தார். எழுந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். கண்ணாடியைச் சரி செய்வார். வாய்விட்டுப் படிப்பார். அது என்ன சொல்கிறதோ அதுதான் கிழமை.

எனக்கு அந்த யோசனை வந்தது அப்போதுதான்.

வியாழன் இரவு இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்துவிடுவேன். மறுநாள் காலை அப்பா போய்ப் பார்த்தால் — சனிக்கிழமை. இட்லியைச் சாப்பிடுவார், மாத்திரை போடுவார். அடுத்த நாளும் சனிக்கிழமைதான். ஏன் இரண்டு சனி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எட்டு மாதம் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையே வரவில்லை. அப்பாவும் விழவில்லை.

இதே பக்கத்தில்தான் ‘பெரியவர்களிடம் மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று உங்களுக்கு உபதேசம் செய்து எழுதினேன். எத்தனை பேர் பாராட்டி எழுதினீர்கள்! அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டுக் காலண்டரைக் கிழிக்கப் போனேன்.

பெரிய வெள்ளிக்காவது அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் அந்த வாரம்தான் அவருக்கு மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். காலையில் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம் உண்மையைச் சொல்லி மூன்று மணிக்குக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். கிழித்தேன். மற்ற வெள்ளிகள் குப்பைக் கூடைக்குப் போகும். சிலுவைப் படம் போட்ட அந்தத் தாளை மட்டும் குப்பையில் போட மனசு வரவில்லை. சமையலறை டிராயரில் வைத்தேன்.

காலையில் அப்பா காலண்டர் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

“இன்னிக்கி மணி அடிக்கலையேம்மா?”

பெரிய வியாழன் இரவோடு கோயில் மணியை நிறுத்திவிடுவார்கள். உயிர்ப்பு வரை அடிக்காது. இதை நான் யோசிக்கவே இல்லை.

“அடிச்சாங்கப்பா. உங்களுக்குக் கேட்டிருக்காது.”

பாருங்கள், கிழமையை எடுத்தது போதாதென்று காதையும் எடுக்கிறேன்.

போன ஞாயிறு கோயிலில் கொடுத்து, காலண்டருக்கு மேலே செருகியிருந்த குருத்தோலையைத் தொட்டுப் பார்த்தார். பச்சை இன்னும் போகவில்லை. உதடு அசைந்தது. விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“குருத்து ஞாயிறு போயிடுச்சு. மணியும் இல்ல. இன்னிக்கி சனி. அப்ப... நேத்து பெரிய வெள்ளியா?”

என் கையில் இட்லித் தட்டு.

“நேத்து நான் இன்னா சாப்ட்டேன்?”

வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. தவக்காலம் முழுக்கப் புலால் விடுகிற குடும்பம் இல்லை, வெள்ளி மட்டும்தான். அவருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது என்ற தைரியத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“கறி சாப்ட்டேன். பல்லுல மாட்டிக்கினு நீ கூட குச்சி குட்த்தியே...”

எல்லாவற்றையும் மறக்கிற மனிதருக்கு அது ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. “பெரிய வெள்ளி அன்னிக்கி கறி துன்னுட்டேனா? சிலுவைக்கு முத்தி குடுக்கப் போவலையா? ஏம்மா, நீ கூடவா சொல்லல?” என்று கேட்டுவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது இரண்டு முறை. ஒன்று அம்மாவைப் புதைத்த அன்று. இன்னொன்று இது.

டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

“அப்பா, கறி சாப்பிட்டது வியாழக்கிழமை. இன்னிக்குத்தான் பெரிய வெள்ளி. நான்தான் கிழிச்சுட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். முகம் அப்படியே மலர்ந்தது.

“இன்னும் போவலையா?”

“போகலப்பா.”

“ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியும் புரிந்தது. தாளின் மேலே கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார்.

“இது மட்டும்தானா? இதுக்கு முன்னாடியும் உண்டா?”

“எட்டு மாசமா. நீங்க விழுந்துடுவீங்கன்னு பயம்ப்பா.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு எல்லாம் மறந்து போவுதும்மா. ஜெபம் பாதியில நின்னுபோவுது. உங்கம்மா மொகம் கூட சில நாளு வர மாட்டேங்குது. ஆனா வயிறு காஞ்சா மட்டும் ஆண்டவரு ஞாபகம் வருவாரு. அது ஒண்ணு தப்பாது. அதையும் நீ எடுத்துட்டா எனக்கு இன்னா இருக்குது?”

நான் காப்பாற்றியது அவர் உடம்பை. அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. எட்டு மாதமும் நான் ஒரு முறைகூட ‘ஏன்ப்பா?’ என்று கேட்டதில்லை. டாக்டரைக் கேட்டேன், சாமியாரைக் கேட்டேன். அவரைக் கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். ‘சாப்பிட வைப்பது எப்படி’ என்று கேட்காமல், ‘விழாமல் ஒருசந்தி இருப்பது எப்படி’ என்று முதல் முறையாகக் கேட்டேன். அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. காலை மாத்திரை வேண்டாம், மணிக்கொரு தரம் சுகர் பார்க்க வேண்டும், எழுபதுக்குக் கீழே போனால் அடுத்த நிமிடமே சர்க்கரைத் தண்ணீர். அப்பாவிடம் சொன்னேன். “அதெல்லாம் மருந்துதானே? குடிக்கிறேன்” என்றார். இவ்வளவுதான்! இதற்கா எட்டு மாதம் திருடினேன்?

மூன்று மணிக்குக் கோயில். தெரு வரைக்கும் கூட்டம். என் கைப்பையில் ஜெபப் புத்தகத்தோடு சுகர் பார்க்கும் மெஷினும் குளுக்கோஸ் பாக்கெட்டும். சிலுவைப் பாதை நடக்கும்போதே குனிந்து அவர் விரலைக் குத்தினேன். கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினார். தொண்ணூற்றெட்டு. சிலுவையை முத்தி செய்யும், அதாவது முத்தமிடும் வரிசையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானே குனிந்தார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. பின்னால் இருந்த யாரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் நிஜமான சனிக்கிழமை. அப்பா மறுபடியும் காலண்டர் முன்னால் நின்றார். முந்தின நாள் நடந்தது ஒன்றும் அவரிடம் மிச்சமில்லை. என் திருட்டு, அதை நான் ஒப்புக்கொண்டது, அவர் கண்ணீர், எதுவும்.

“நேத்து பெரிய வெள்ளியா? நான் இன்னா சாப்ட்டேன்?”

“ஒருசந்திப்பா. சாயங்காலம் கஞ்சி மட்டும்தான் குடிச்சீங்க.”

“சிலுவைக்கு முத்தி?”

“குடுத்தீங்க. நான் பக்கத்துல இருந்தேன்.”

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இட்லி கேட்டார்.

வெள்ளிக்கிழமைத் தாளை இப்போதெல்லாம் அப்பாவே கிழிக்கிறார் — சனிக்கிழமை காலையில்.